மச்சான் கையில் கயிறு

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை இரவு. திருச்செந்தூரில் கிளம்பி சென்னைக்குப் போக வேண்டிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நிறுத்தப்பட்டது. வண்டிக்குள் ஏறக்குறைய 800 பேர். வெளியே கொட்டித் தீர்க்கிறது மழை. அந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் பெய்தது 95 சென்டிமீட்டர். 'சிக்னல் கிடைத்ததும் கிளம்பிவிடும்' என்று காத்திருந்தவர்களில் பலர், இரண்டு நாள் கழித்துத்தான் அந்த ஊரை விட்டு நகர முடிந்தது. பக்கத்துக் கிராமத்து மக்கள் தங்கள் வீட்டிலும் வெள்ளம் சூழ்ந்திருந்த நிலையிலேயே சோறு பொங்கிப் போட்டார்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் வந்து விழுந்தது. எல்லாம் டிவியில் பார்த்ததுதான்.

மறுநாள் வெளியான ஒரு காட்சியை மட்டும் மறக்கவே முடியாது. ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் நடுவே தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு இரும்புக் கோடுகளும் அறுந்து போகவில்லை. ஸ்லீப்பர் கட்டைகள்கூட அவற்றில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும்தான் இல்லை. இருட்டில் இன்ஜின் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், கோடு நேராக இருக்கிறதே என்றுதான் டிரைவருக்குத் தோன்றியிருக்கும்.

மேலே பார்த்தால் குறையே தெரியாது, தாங்குவது மட்டும் காணாமல் போயிருக்கும். இந்த வகை ஆபத்து மழையால் மட்டும் வருவதில்லை. அதே தாமிரபரணி போய்ச் சேரும் கடலில் மிதக்கும் பைபர் படகிலும், கயத்தாறு பக்கம் சுற்றும் காற்றாலை இறக்கையிலும், நாம் ஏறிப் போகும் விமானத்திலும் இது ஒளிந்திருக்கக்கூடும். காரணம், இவை மூன்றும் ஒரே குடும்பத்துப் பொருளால் ஆனவை.

கூட்டுப்பொருள் என்று பாடப் புத்தகம் சொல்லும். தனியாக இருந்தால் எதற்கும் உதவாத இரண்டைச் சேர்த்து, உறுதியான ஒன்றைச் செய்வது. மண்சுவர் வைக்கும்போது வைக்கோலைப் போட்டு மிதிப்பார்களே, அதே யோசனைதான். மண் அழுத்தத்தைத் தாங்கும், வைக்கோல் விரிசல் விடாமல் இழுத்துப் பிடிக்கும். இன்றைக்கு வைக்கோலுக்குப் பதில் கண்ணாடி இழை அல்லது கார்பன் இழை, மண்ணுக்குப் பதில் ரெசின் என்ற பிசின். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காயவைத்தால் முடிந்தது.

இரும்பைவிட எடை மிகக் குறைவு, துருவும் பிடிக்காது. ராமேஸ்வரத்தில் அப்பா மரப்படகு கட்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்த அப்துல் கலாம், ஏவுகணைக்குப் பயன்பட்ட இத்தகைய இலேசான பொருளை எடுத்து, ஹைதராபாத் மருத்துவமனையில் இருந்த போலியோ குழந்தைகளின் காலுக்குத் தாங்கி செய்யவைத்தார். 3 கிலோ இரும்பை இழுத்துக்கொண்டு நடந்த பிள்ளைகளுக்கு 300 கிராமில் தாங்கி கிடைத்தது. தன் வாழ்க்கையில் பெரிய மகிழ்ச்சி எது என்று கேட்டால், ராக்கெட்டைவிட இதைத்தான் அவர் அதிகம் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவு நல்ல பொருளுக்கு ஒரே ஒரு கெட்ட குணம். தன் நோயை வெளியே காட்டாது.

இரும்பு என்றால் துருப்பிடித்துக் காட்டிக்கொடுக்கும், அடிபட்டால் நசுங்கும். மரம் உளுத்தால் மாவு கொட்டும். கான்கிரீட்டும் தன் வலியைச் சொல்லிவிடும். திருநெல்வேலி - தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் வல்லநாட்டு ஆற்றுப்பாலம் கட்டிச் சில ஆண்டுகளிலேயே தளத்தில் ஓட்டை விழுந்தது. கம்பி வெளியே தெரிய, ஊரே பார்த்துத் திட்டியது. பைபர் அப்படியில்லை. கனமான ஒன்று மேலே விழுந்தால் உள்வாங்கி, உடனே பழையபடி நிமிர்ந்துவிடும். மேல் பூச்சில் கீறல்கூட இருக்காது. உள்ளே மட்டும் நாலாவது அடுக்கும் ஐந்தாவது அடுக்கும் விட்டுப் பிரிந்திருக்கும். பழைய புத்தகத்தின் அட்டை புதிதாக இருக்க, உள்ளே தாள்கள் தையல் விட்டுப்போன மாதிரி. அந்த இடத்தில் அடுத்தடுத்துப் பாரம் விழ விழப் பிரிவு அகலமாகும். ஒரு நாள் மொத்தமாகக் கைவிடும்.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? உலகத்திலேயே மலிவான வழி நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்ததுதான். மண்சட்டி வாங்கும்போது விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். 'டங்' என்றால் எடுத்துக்கொள்வார்கள். 'டப்' என்றால் கீழே வைத்துவிடுவார்கள். விமானப் பராமரிப்பிலும் இதே முறை உண்டு. ஒரு நாணயத்தையோ சின்னச் சுத்தியலையோ வைத்து இறக்கையைச் சதுரம் சதுரமாகத் தட்டிக்கொண்டே போவார்கள். சத்தம் எங்கே மந்தமாகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம். கோடிக்கணக்கில் கருவிகள் வந்த பிறகும் நாணயத்துக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

தூத்துக்குடிக் கரையில் ஒரு காலத்தில் எல்லாம் மரம். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிய தோணியும் மரம், மீன்பிடித்த வள்ளமும் மரம். பலகை இடுக்கில் பஞ்சுத் திரி வைத்து அடிப்பது, எண்ணெய் பூசுவது என்று வருடத்தில் பல நாள் பராமரிப்புக்கே போய்விடும். மரத்தின் விலையும் ஏறிக்கொண்டே போனது. பைபர் வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2004 சுனாமியில் படகுகள் நொறுங்கிப்போன பிறகு, நிவாரணமாகத் தமிழகக் கரை முழுக்க வந்து இறங்கியவற்றில் பெரும்பங்கு பைபர் படகுகள்தான். அவசர அவசரமாக வார்த்ததில் தரம் குறைந்தவையும் உண்டு. ரெசின் சரியாக ஊறாத இடத்தில் கண்ணாடி மேட் வெள்ளையாகத் தெரியும் படகைக் கரைக்காரர்கள் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பைபர் படகு பழுதாவதற்கு இரண்டு மூன்று வழக்கமான இடங்கள் உண்டு. முதலாவது ஏரா எனப்படும் அடிக்கட்டை. தினமும் மணலில் இழுத்து ஏற்றி இறக்குவதில் மேல்பூச்சு தேய்ந்து, கண்ணாடி இழை வெளியே வந்துவிடும். அப்புறம் அந்த இழை வழியாகவே தண்ணீர் உள்ளே ஏறும், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல. இரண்டாவது, எஞ்சின் மாட்டும் பின்பக்கம். பல படகுகளில் அங்கே பைபருக்கு நடுவில் பிளைவுட் பலகை வைத்திருப்பார்கள். போல்ட் துளை வழியே கசியும் தண்ணீரில் பலகை ஊறி உள்ளேயே மக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். எஞ்சின் அதிர்வில் ஒரு நாள் அந்தப் பகுதியே தனியாகக் கழன்றுகொண்டு வரும். நடுக்கடலில் எஞ்சினும் போய், பின்பக்கம் ஓட்டையுமாக நிற்கும் நிலையை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, கொப்புளம். நீண்ட நாள் தண்ணீரிலேயே கிடக்கும் படகின் அடியில் அம்மைக் கொப்புளம்போலச் சின்னச் சின்னதாக எழும்பும். பூச்சு வழியே நுழைந்த தண்ணீர், பிசினோடு வினைபுரிந்து உள்ளே தேங்கியதன் அடையாளம் அது. குத்தினால் புளித்த வாடையோடு ஒரு நீர் வரும். அழகுக்குறைதானே என்று விட்டால் அடுக்குகளுக்குள் பரவும்.

இந்த மூன்றுக்கும் கரையில் அதிகம் நடக்கும் தவறு, பட்டி வைத்துப் பூசி மேலே பெயிண்ட் அடிப்பது. நோயை மூடி வைப்பதுதான் அது. மந்தமாகச் சத்தம் கேட்கும் பகுதி முழுவதையும் நல்ல பகுதி வரும்வரை அறுத்து எடுக்க வேண்டும். ஓரத்தைச் சரிவாகச் சீவி, ஈரம் முழுக்க வற்றும்வரை காயவிட்டு, அப்புறம் அடுக்கடுக்காக மேட் போட்டு ரெசின் ஊற்ற வேண்டும். ஈரத்தின் மேல் போட்ட ரெசின் ஒட்டியதுபோல் நடிக்கும், ஒட்டாது. அதனால் ஐப்பசி மழை தொடங்கும்முன் இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. படகுக்குப் பதிவும் அரசு ஆய்வும் உண்டு என்றாலும், அடிப்பாகத்தைக் குனிந்து தட்டிப் பார்க்கும் வேலை பெரும்பாலும் படகுக்காரர் தலையில்தான் விழுகிறது. ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் காசு இல்லை. 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்பதற்கு அதைவிட வலுவான காரணம் வேண்டுமா?

படகு கைக்கு எட்டும் இடத்திலாவது இருக்கிறது. காற்றாலை இறக்கையை யார் தட்டுவது?

நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று, 1986-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்து முள்ளக்காட்டில் வந்தது. அன்றைய இயந்திரம் ஒவ்வொன்றும் 55 கிலோவாட். இன்றைக்கு வ.உ.சி. துறைமுகம் வழியாகக் கப்பலேறும் இறக்கைகளில் ஒன்றே 80 மீட்டரைத் தாண்டுகிறது. வளைவில் லாரி திரும்ப அரை மணி நேரம் சாலையையே அடைத்துவிடுகிறது. அவ்வளவு நீள இறக்கை பெரும்பாலும் கண்ணாடி இழையும் பிசினும், நடுவில் இலேசான மரம் அல்லது நுரைப்பலகையும்தான். இரண்டு பாதியாக வார்த்து, மீன் வயிற்றை மூடுவதுபோல ஒன்றோடொன்று பசை வைத்து ஒட்டியிருப்பார்கள்.

நிமிடத்துக்கு 15 சுற்று என்று வையுங்கள். ஒரு நாளில் 21,600 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை தன் எடையாலேயே ஒருமுறை அந்தப் பக்கமும் ஒருமுறை இந்தப் பக்கமும் வளைகிறது. கீழிருந்து பார்க்கும்போது சோம்பேறித்தனமாகச் சுற்றுவதுபோலத் தெரியும் இறக்கையின் நுனி, மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்துகொண்டிருக்கும். அந்த வேகத்தில் மழைத்துளி மோதினாலும் மணல் மோதினாலும் உளி பட்டதுபோல் முன்விளிம்பு அரிக்கும். ஆடிக் காற்றில் செம்மண் பறக்கும் ஊரில் கேட்கவே வேண்டாம். போதாததற்கு இடி வேறு.

கட்டபொம்மன் தூக்கில் தொங்கிய ஊர் என்று கயத்தாறு நமக்குத் தெரியும். தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையம் இருப்பதும் அங்கேதான். அதைச் சுற்றியும், தெற்கே முப்பந்தல் கணவாய் வரையிலும் 20 ஆண்டுகளைத் தாண்டிய காற்றாலைகள் ஏராளம். அவற்றைக் கழற்றிப் புதிது வைப்பதா, பழுதுபார்த்து ஆயுளை நீட்டிப்பதா என்பதற்குத் தமிழக அரசு 2024-ல் ஒரு கொள்கையே வெளியிட்டது. ஆயுளை நீட்டிக்கலாம் என்று கையெழுத்துப் போட, இறக்கைக்குள் என்ன நிலவரம் என்று யாராவது பார்த்துச் சொல்லியாக வேண்டும்.

பார்க்கும் வழிகள் இப்போது நிறையவே உண்டு. கயிற்றில் தொங்கிக்கொண்டு இறங்கும் ஆட்கள் ஒரு பக்கம், ட்ரோன் எடுக்கும் படங்கள் இன்னொரு பக்கம். வெப்பம் பார்க்கும் கேமராவில் அடுக்கு பிரிந்த இடம் வேறு நிறத்தில் தெரியும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன் எடுப்பதைப்போல, இறக்கைக்கும் ஜெல் தடவி மீயொலி ஸ்கேன் எடுப்பதுண்டு. இன்னொரு முறை, பொருளையே பேசவிடுவது. முருங்கைக் கிளை எச்சரிக்காமல் படக்கென்று முறியும். மூங்கில் அப்படியல்ல, நரநரவென்று நார் நாராகச் சத்தம் கொடுத்துவிட்டுத்தான் முறியும். கூட்டுப்பொருள் மூங்கில் ஜாதி. ஒவ்வொரு இழை அறும்போதும் நம் காதுக்கு எட்டாத ஒரு 'டிக்' சத்தம் எழும். அதைக் கேட்கும் உணரிகளை ஒட்டிவைத்து இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருக்கலாம். வார்க்கும்போதே தலைமுடி கனத்தில் ஒரு ஒளியிழையை உள்ளே படுக்கவைத்துவிடுவதும் உண்டு. அந்த இடம் இழுபட்டால், இழை திருப்பி அனுப்பும் ஒளியின் நிறம் கொஞ்சம் மாறும். உடம்புக்குள் நரம்பு ஓடுவதுபோல.

இத்தனை இருந்தும் 2024 ஜூலை 13 அன்று அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அருகே, கடலில் நின்ற புத்தம் புதுக் காற்றாலையின் 107 மீட்டர் இறக்கை முறிந்து விழுந்தது. கோடை விடுமுறைக் கூட்டம் நிரம்பிய கடற்கரையில் பைபர் துண்டுகள் கூர் கூராக ஒதுங்க, குளிப்பதற்குத் தடை போட்டார்கள். கனடாவில் இருந்த தொழிற்சாலையில் பசை சரியாக ஒட்டவில்லை என்று தயாரித்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. தொழிற்சாலைப் பரிசோதனையிலேயே அதைப் பிடித்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. அதற்கப்புறம் அங்கே செய்த மற்ற இறக்கைகளின் ஸ்கேன் படங்களை எல்லாம் உட்கார்ந்து மறுபடி பார்த்தார்கள். படம் ஏற்கெனவே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

விமானங்களைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டியதில்லை. போயிங் 787-ன் எடையில் பாதி கூட்டுப்பொருள்தான். ஆலங்கட்டி, ஓடுபாதைக் கல், சாமான் ஏற்றும் வண்டியின் இடி, கை தவறி விழும் ஸ்பேனர் என்று எதெதனால் உள்காயம் வரும் என்பதற்கு அங்கே பட்டியலே வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அடி பட்டிருந்தாலும் தாங்கும்படிதான் வடிவமைப்பே. இடித்தவர் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும் மனிதர் கையில் இருக்கிறது.

அந்த மனிதர் கையில்தான் 2023 ஜூனில் எல்லாம் கெட்டது. டைட்டானிக் கப்பல் மூழ்கிக் கிடக்கும் 3,800 மீட்டர் ஆழத்தைக் காட்டுவதற்காக ஐந்து பேரோடு இறங்கிய டைட்டன் நீர்மூழ்கியைப் பற்றி அப்போது பேசாத வீடில்லை. அதன் உடல் கார்பன் இழையால் ஆன உருளை. அந்த ஆழத்தில் கடல் அழுத்தம், நாம் மேலே உணர்வதைப்போல ஏறக்குறைய 380 மடங்கு. நம் சென்னையில் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கும் மத்ஸ்யா 6000-க்கு, மனிதர் உட்காரும் கோளத்தை 80 மில்லிமீட்டர் கனத்தில் டைட்டானியத்தில் செய்கிறார்கள். டைட்டன் ஆட்கள் இலேசான பொருளைத் தேர்ந்தெடுத்தார்கள். 'பயமில்லை, உடலெங்கும் உணரி வைத்திருக்கிறோம், பிரச்னை என்றால் சத்தமே சொல்லிவிடும்' என்றார்கள்.

சத்தம் சொன்னது. 2022 ஜூலை 15 அன்று 80-வது முறை இறங்கி மேலே வரும்போது பெரிய வெடிச்சத்தம் கேட்டது. அதற்கு அடுத்த பயணங்களில் உணரிகளின் அளவுகள் முன்புபோல இல்லை. கார்பன் அடுக்குகள் பிரிந்துவிட்டன என்பதற்கு அதுவே சாட்சி என்று பின்னர் விசாரணையில் வந்தது. அந்த நேரத்தில் யாரும் உருளையை அறுத்தோ ஸ்கேன் செய்தோ பார்க்கவில்லை. பனிக்காலம் முழுக்க அதைத் திறந்தவெளி வாகன நிறுத்தத்தில் போட்டு வைத்திருந்தார்கள். 2023 ஜூன் 18 அன்று இறங்கும்போது நொடியின் சிறு பகுதிக்குள் நசுங்கிப்போனது. தடுத்திருக்கக்கூடிய விபத்து என்று 2025-ல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை அறிக்கை கொடுத்தது.

முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு இது புரியாத கதையல்ல. 1961 வரை இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடந்தது. கல்லைத் துணையாக வைத்துக்கொண்டு மூச்சடக்கி இறங்குபவரின் உயிர், படகில் நிற்பவர் பிடித்திருக்கும் கயிற்றில் இருக்கும். கீழிருந்து ஒரு சுண்டு சுண்டினால் உடனே இழுத்தாக வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வது வழக்கம். கூடப் பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்பது மச்சானுக்குத் தெரியும். இன்னும் நாலு சிப்பி எடுக்கட்டுமே என்று அவர் யோசிக்க மாட்டார். டைட்டன் கதையில் கயிறு இருந்தது, சுண்டலும் வந்தது. கயிற்றைப் பிடித்திருந்ததோ டிக்கெட் விற்ற அதே நிறுவனம். உணரி விற்பவர்களின் விளம்பரத்தில் இந்தப் பகுதி வருவதில்லை.

ஸ்ரீவைகுண்டத்தில் அந்த இரவு, அடியில் ஜல்லி போகிறது என்ற தகவல் வந்ததும் வண்டியை நிறுத்தினார்கள். பயணிகள் பசியில் திட்டியிருப்பார்கள். நியாயம்தான்.

வீட்டுக்குள்ளும் இந்தப் பொருள் நுழைந்துவிட்டது. 2021 முதல் இந்தியன் ஆயில் தரும் இலேசான கேஸ் சிலிண்டர், உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை, அதைச் சுற்றிக் கண்ணாடி இழை, வெளியே இன்னொரு உறை என்று மூன்று அடுக்கு. எரிவாயு எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரிகிறது, துருக்கறை தரையில் படிவதில்லை. இல்லத்தரசிகளுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. ஆனால் பழைய இரும்பு சிலிண்டரைப்போல உருட்டி, படியில் இடித்துக் கொண்டுபோகும் பழக்கத்தை இதனிடம் காட்டக் கூடாது. ஓங்கி இடிபட்டால், வெளியுறை நன்றாகத்தானே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளாமல் ஏஜென்சியில் சொல்லி மாற்றிவிடுவதே சரி. இரும்பு சிலிண்டர் வைத்திருப்பவர்களும் கைப்பிடிப் பட்டையில் உள்ள எழுத்தைப் பார்க்கலாம். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். பக்கத்தில் உள்ள எண் வருடம். அந்தக் காலத்துக்குள் அது மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். தேதி தாண்டியதைக் கொண்டுவந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம்.

பைக்கில் போகிறவர்கள் தலையில் வைத்திருப்பதும் இதே ரகம். ஒருமுறை விழுந்து தரையில் மோதிய ஹெல்மெட்டின் ஓடு பளபளவென்றே இருக்கும். உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும், பைபர் ஓடு என்றால் அடுக்கும் பிரிந்திருக்கலாம். அது ஒருமுறை காப்பாற்றத்தான் செய்யப்பட்டது. 'கீறல்கூட இல்லையே' என்று தம்பிக்குக் கொடுத்துவிட வேண்டாம்.